ஏழாம் கட்டம்

கோக்புலாக் மாவட்ட மருத்துவமனை,
தொற்றுநோய்ப் பிரிவு வராந்தா.
ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த எங்கள் வீட்டுச் சின்னத்துரைக்கு அண்ணி எழுதிக்கொள்வது.

நீயும் உன் மனைவியும் பிள்ளைகள் இருவரும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள். விசாரிக்கவே தேவையில்லை. நீங்கள் நான்கு பேரும் பனிமலை மேல் சறுக்குக் கட்டைகளோடு நின்று சிரிக்கிற படத்தைப் போன வாரம் ஊரே பார்த்தது. உன் அண்ணனுக்குக் காய்ச்சல் நாற்பதைத் தாண்டிய அன்று வந்த படம் அது. அவருக்கும் காட்டினேன். பனியில் பிள்ளைகளுக்குக் காது மூடவில்லையே என்று கவலைப்பட்டார்.

ஆறு தடவை உனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஆறு தடவையும் உன் உதவியாளர் பெண்தான் எடுத்தாள். பேராசிரியர் கூட்டத்தில் இருக்கிறார், எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள் என்றாள். மாவட்ட ஆளுநரிடம் மனுக் கொடுக்கப் போனால்கூட இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. சரி, எழுத்தில் கேட்டாய், எழுத்தில் தருகிறேன். இங்குள்ள சின்ன டாக்டர் ஷினார் இதைப் படம் பிடித்து, விண்ணப்பத்தோடு சேர்த்து உன் அலுவலக முகவரிக்கு அனுப்புவாள். உனக்கு முன்னால் அந்த உதவியாளர் பெண் படிப்பாள் என்று நினைக்கிறேன். நன்றாகப் படிக்கட்டும்.

உன் அண்ணன் படுக்கையில் விழுந்து இன்றோடு பதினெட்டு நாள். குட்டி ஈனுகிற காலம் என்பது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. ஒரு ஆட்டுக்குக் குட்டி குறுக்கே சிக்கிக்கொண்டது. உள்ளே கையை விட்டுத் திருப்பி எடுத்தார். மணிக்கட்டில் முன்பே ஒரு கீறல் இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் உடம்பு அனலாகக் கொதித்தது, மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மருத்துவமனையில் அவர் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார்கள். உண்ணியை நசுக்கிய கறை. ஆட்டுக் காதிலிருந்து உண்ணியைப் பிடுங்கி இரண்டு நகத்துக்கும் நடுவே வைத்து நசுக்காதீர்கள் என்று முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். உண்ணியைப் பற்றிப் பாடம் எடுக்கிற பெண்டாட்டியை எந்த மேய்ப்பன் மதிக்கிறான்? கறையைப் பார்த்ததும் உண்ணிக் காய்ச்சல் என்று முடிவு கட்டி, தனி அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

பரிசோதனைக்கு ரத்தம் எடுத்ததோடு சரி, நான்கு நாள் யாரும் அவரைத் தொடவில்லை. தலை முதல் கால்வரை வெள்ளை உடை மாட்டிய இரண்டு பேர் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர்ப் பாட்டிலை உருட்டிவிட்டுப் போனார்கள். நம் பக்கத்து வீட்டார் நம் வாசலுக்கு வருவதை விட்டுவிட்டு, வேலிக்கு அப்பால் நின்று அனுதாபப்பட்டார்கள். எங்கள் தலைமை மருத்துவர் என்ன செய்தார் தெரியுமா? முடி வெட்டிக்கொண்டு, புது டை கட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக்காரர்கள் வருவார்கள் என்று நுழைவாயிலில் நின்றார். உண்ணிக் காய்ச்சல் வைரஸ் இல்லை என்று பரிசோதனை முடிவு வந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும், கல்யாணம் நின்றுபோன மாப்பிள்ளை கெட்டான். அன்றே டையைக் கழற்றிவிட்டார். உன் அண்ணனும் அவருக்குச் சாதாரண நோயாளி ஆகிவிட்டார்.

அந்த நான்கு நாளில் ரத்தத்தில் வேறொன்று வளர்ந்துகொண்டிருந்தது. அதை முதலில் பார்த்தவள் நான். மாவட்ட சுகாதார நிலையத்தில் நான் செய்கிற வேலை உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து என் மேசையடியில் உட்கார்ந்துதான் நீ வீட்டுப்பாடம் எழுதுவாய். கிருமியைத் தட்டில் பூசி, மேலே மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைப்பேன். எந்த மருந்து வேலை செய்கிறதோ அதைச் சுற்றி வெறும் வட்டம் விழும். உன் அண்ணன் ரத்தத்தில் வளர்ந்த கிருமிமேல் எட்டு வில்லை வைத்தேன். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் ஏழைச் சுற்றி வட்டம் என்பதே இல்லை. கிருமி காகிதத்தின் விளிம்புவரை வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. வில்லைகள் பழைய சரக்காக இருக்கும் என்று தலைமை மருத்துவரை மனதுக்குள் வைதுவிட்டு, புதுப் பெட்டி உடைத்து மறுபடியும் வைத்தேன். மறுநாளும் அதே கதைதான். எட்டாவது வில்லையைச் சுற்றி மட்டும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் விழுந்திருந்தது.

தட்டை மூடி வைத்துவிட்டுக் கைகழுவும் இடத்தில் நின்று அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு ஷினாரிடம் போய்ச் சொன்னேன்.

அந்த எட்டாவது மருந்து இந்த மாவட்டத்தில் இல்லை. தலைநகரில் பூட்டி வைத்திருக்கிறார்கள். கண்டவர்களுக்கும் கொடுத்தால் அதுவும் பலிக்காமல் போய்விடும் என்பதால் ஒரு குழுவின் மூன்று உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டகம் திறக்கும். அதில் தவறு சொல்ல மாட்டேன், நியாயமான விதிதான். மூன்று பேரில் ஒருவர் சிறுநீரக மருத்துவர், இன்னொருவர் மருந்தியல்காரர். இருவரும் விண்ணப்பம் போன அன்றே போட்டுவிட்டார்கள். மூன்றாமவர் விலங்குகளிடமிருந்து வரும் நோய்களின் நிபுணர். உலகப் புகழ் பெற்றவர். வெளிநாட்டில் உட்கார்ந்தபடியே இந்த நாட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவர். ஷினார் அந்தப் பேரை வாசித்ததும் உன் அண்ணன் காய்ச்சலிலும் சிரித்தார். “நம்ம தம்பிதானா? அப்ப மருந்து வந்த மாதிரிதான்” என்றார்.

இப்போது விண்ணப்பத்துக்கு வருகிறேன். முதல் கட்டத்தில் நோயாளியின் பேர். அதை ஷினாரையே எழுதச் சொன்னேன். இத்தனை வருஷமாக வாயால் சொல்லாத பேரைக் கையால் எழுத வரவில்லை. மற்றதையெல்லாம் நானே நிரப்பினேன். ஏழாம் கட்டம் இப்படிக் கேட்டது: இந்த வகை மருந்துகளை நோயாளி முன்பு எவ்வாறு உட்கொண்டார்? அவ்வாறு உட்கொள்ள வழிகாட்டியவர் யார், பதவி என்ன? பழைய தவற்றின் ஊற்றைக் கண்டுபிடித்து அடைக்காமல் புது மருந்து கிடையாதாம். அதுவும் நியாயம்தான். எனவே உள்ளதை எழுதினேன். ஆட்டுக்குட்டிகளுக்குக் கொடுக்கும் தூளை ஒவ்வொரு தடவையும் முதலில் தன் நாக்கில் வைத்துக்கொள்வார், வழிகாட்டியவர் எங்கள் வீட்டுச் சின்னத்துரை, அப்போது மாவட்டக் கால்நடை மருத்துவர்.

விண்ணப்பம் மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது. சின்னத்துரை என்ற பேரில் கால்நடைத் துறையில் எவரும் எந்தக் காலத்திலும் பணியாற்றியதாகப் பதிவு இல்லை, சரியான தகவலோடு மீண்டும் அனுப்பவும் என்று ஒரு எழுத்தர் குறிப்பு எழுதியிருந்தார். ஷினார் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். “அக்கா, சின்னத்துரைங்கிறது ஆளா, ஊரா?” என்று கேட்டாள். தலைநகரில் வளர்ந்த பெண், அவளுக்கு எங்கே தெரியும்? நான் விளக்க வேண்டியிருந்தது. மருமகளாக வந்தவள் புருஷனின் உடன்பிறந்தவர்கள் பேரைச் சொல்ல மாட்டாள், ஆளுக்கொரு செல்லப்பேர் வைத்துக்கொள்வாள். நான் இந்த வீட்டில் கால் வைத்தபோது உனக்குப் பதினொரு வயது. மூக்கு ஒழுகிக்கொண்டு, உன் அண்ணனின் பூட்ஸை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்தபடி வாசலில் நின்றாய். உன் அம்மா, இவனுக்கு என்ன பேர் வைக்கப் போகிறாய் என்று கேட்டார்கள். நான் சின்னத்துரை என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். உனக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது உனக்கு.

அந்த மூன்று நாள் போனது என் முட்டாள்தனத்தால். ஒரு மனுஷன் உயிருக்குப் போராடும்போது மரியாதை பார்த்துக்கொண்டு செல்லப்பேர் எழுதிய முட்டாள் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் தாளைப் பார்த்த மூன்று பேரில் ஒருவனுக்குச் சின்னத்துரை யாரென்று தெரியும். உலகத்திலேயே அந்தப் பேருக்குச் சொந்தக்காரன் ஒருவன்தான். எழுத்தர் திருப்பி அனுப்பினாலும் உன் கையெழுத்து வரும் என்று ஷினாரும் நானும் காத்திருந்தோம். வந்தது உன் குறிப்பு. அதை எத்தனையோ தடவை படித்துவிட்டேன், இப்படி எழுதியிருந்தாய்: அண்ணி, ஏழாம் கட்டத்தில் மேய்ப்பர்களின் பண்டைய வழக்கம் என்று எழுதிவிடுங்கள், தனிநபர் எவரையும் குறிப்பிட வேண்டாம், என் கட்டுரையோடு முரண்படாமல் இருக்கும், திருத்தி அனுப்பினால் உடனே கையெழுத்திடுகிறேன். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று அதில் ஒரு வரி இல்லை. இருந்ததா, நான்தான் கவனிக்கவில்லையா என்று காகிதத்தின் பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

பண்டைய வழக்கம். இதைப் படித்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். தாதிப்பெண் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

உன் பண்டைய காலத்துக்கு இப்போது பத்தொன்பது வயது ஆகிறது. நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன். படிப்பை முடித்து, தோல் பூட்ஸ் பளபளக்க மாவட்டக் கால்நடை மருத்துவராக வந்த முதல் வசந்தம் அது. குட்டிகள் பேதியில் சாரி சாரியாகச் செத்துக்கொண்டிருந்தன. நீ மேய்ப்பர்களையெல்லாம் பட்டிக்கு வரச்சொல்லி, உப்புத் தொட்டிமேல் ஏறி நின்றாய். ஆளுக்கொரு தகர டப்பா கொடுத்தாய். உள்ளே மஞ்சள் தூள். முதல் பாலைக் குடிக்குமுன் ஒரு சிட்டிகை வாயில் வைத்தால் ஒரு குட்டியும் சாகாது என்றாய். கிழவர்கள் டப்பாவை மோந்து பார்த்தார்கள். இது விஷமா மருந்தா என்று ஒருவர் முணுமுணுத்தார். உனக்குக் கோபம் வந்துவிட்டது. டப்பாவில் விரலை விட்டு, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, எல்லாருக்கும் நாக்கை நீட்டிக் காட்டினாய். “பாத்துக்கங்க, நான் செத்தா போயிட்டேன்? முதல்ல நீங்க நாக்குல வெச்சுப் பாருங்க, அப்புறம் குட்டிக்குக் குடுங்க” என்றாய்.

அந்த வசந்தத்தில் குட்டிகள் பிழைத்தன. உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். உனக்காக ஒரு கிடாயை வெட்டினார்கள். டாக்டர் சொன்னபடியே செய்தார்கள், ஒரு எழுத்து மாற்றாமல். குட்டியைத் தூக்கி மடியில் வைப்பார்கள், பிஸ்மில்லா சொல்வார்கள், தங்கள் நாக்கில் ஒரு சிட்டிகை, பிறகு குட்டியின் நாக்கில் ஒரு சிட்டிகை. நீ ஒரு தடவை காட்டினாய். அவர்கள் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு தடவை செய்தார்கள். உன் அண்ணன் மந்தையில் வருஷத்துக்கு இருநூறு குட்டி. மஞ்சள் தூள் பலிக்காமல் போனதும் சந்தையில் வெள்ளைத் தூள் விற்றார்கள். அதுவும் போனதும் வேறொன்று, அதற்குப் பிறகு இன்னொன்று. டப்பா மாறியது, பேர் மாறவில்லை. எல்லாமே டாக்டர் தூள்தான், என் வில்லைகளில் தோய்ந்திருந்த அதே மருந்துகள். நீ நான்கு வருஷம் இங்கே இருந்தாய். தினமும் பார்த்தாய். நாக்கில் வைப்பதை நிறுத்துங்கள் என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். உன் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு உனக்கு இனித்தது.

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் உனக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது. பகலெல்லாம் தட்டில் வட்டம் அளக்கிற பெண்பிள்ளை, மாலையில் வீட்டுக்கு வந்து புருஷன் தூளை நக்குவதைப் பார்த்துவிட்டுத் தேநீர் ஊற்றினேன். வருஷா வருஷம் வட்டங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. ஒரு தடவை வாய் திறந்தேன். “தம்பி நமக்குக் கெட்டது சொல்லுவானா?” என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். சின்னத்துரை சொன்னது என்று எனக்கும் உள்ளூரப் பெருமை இருந்திருக்கிறது. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் வாய் கசக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாய், உண்ணி வைரஸ் ஆராய்ச்சி என்று. கம்பில் ஃபிளானல் துணி கட்டிப் புல்வெளியில் இழுத்து, ஆயிரத்துக்கு மேல் உண்ணிகளைப் பொறுக்கி, உண்ணி காயாமலிருக்கக் குழாய்க்கு ஒரு புல் இதழ் போட்டு அடைத்துக் கொடுத்தது நான். என் முழங்கால் இன்னும் வலிக்கிறது. உன் கட்டுரையின் கடைசியில் உள்ளூர்ப் பணியாளர்களுக்கு நன்றி என்று பொடி எழுத்தில் இருந்ததாக ஷினார் சொன்னாள். பரவாயில்லை, எனக்குப் பேர் வேண்டாம். அன்று வந்த உன்னை அண்ணன் கட்டிப்பிடித்தார். அடுத்த நிமிஷம் நீ பையிலிருந்து மருந்துத் தண்ணீரை எடுத்துக் கைகளைத் தேய்த்துக்கொண்டாய். விருந்தில் பெரிய விருந்தாளிக்கு வைக்கிற ஆட்டுத் தலையை, நீ அறுத்துப் பங்கிட, உன் முன்னால் வைத்தார். கத்தியை ஒரு தடவை தொட்டுவிட்டு அடுத்தவர் பக்கம் தள்ளினாய். எல்லாரும் பார்த்தார்கள். நீ போன பிறகு ஊரில் பேச்சு வந்தது. உன் அண்ணன் மட்டும் படித்தவன் சுத்தமாகத்தான் இருப்பான் என்று உனக்காகச் சண்டை போட்டார்.

அன்று பட்டியில் உன் ஆட்கள் படம் எடுத்தார்கள். எப்படிச் செய்வீர்கள், காட்டுங்கள் அண்ணே என்று நீயே கேட்டாய். அவர் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து, நாக்கை நீட்டிக் காட்டினார். அந்தப் படம் உன் சொற்பொழிவில் வருகிறது. அந்தச் சொற்பொழிவின் வீடியோ அவர் போனில் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீரும் குர்த்துத் தயிர்க்கட்டியும் வைத்துவிட்டு முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுவார். பெரிய மண்டபம், நீ மேடையில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறாய், பின்னால் திரை முழுக்க உன் அண்ணனின் நாக்கு. மண்டபமே சிரிக்கிறது. “பாத்தீங்களா, தம்பி என் படத்தப் போட்டதும் எல்லாருக்கும் எவ்ளோ சந்தோஷம்னு” என்பார். அவருக்கு அந்த மொழி தெரியாது. எனக்கும் தெரியாது. போன வாரம் ஷினார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எழுத்தறிவில்லாத மேய்ப்பர்களின் பண்டைய சடங்கு, இதைத்தான் நாம் எதிர்த்துப் போராட வேண்டியிருக்கிறது என்று சொன்னாயாம். அதற்குத்தான் சிரிப்பாம். உன் அண்ணனிடம் இன்றுவரை நான் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நேற்றுக்கூட ஊசி போட வந்த தாதிக்கு அதைப் போட்டுக் காட்டினார்.

கிருமியிடம் எனக்கு வருத்தம் இல்லை. அதற்கு மூளை கிடையாது, கிடைத்ததைத் தின்று பிழைக்கிறது. அண்ணன் நாக்கை ஊருக்குக் காட்டிப் பேர் வாங்கிவிட்டு, அந்தப் பேரைக் காப்பாற்ற அவர் மருந்தை நிறுத்தி வைத்திருக்கிற உன்னைத்தான் எந்தத் தட்டில் வைத்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அருவருப்பாக இருக்கிறது. இதை எழுதக் கை கூசவில்லை.

உன் குறிப்பைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். படித்துக் காட்டச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு சொன்னார்.

“அவன் கேக்குற மாதிரியே எழுதிக் குடுத்துடு. பண்டைய வழக்கம்னா பண்டைய வழக்கம்தான். அவன் பேரு கெட்டுடக் கூடாது.”

“உங்க உசுரு போகுது இங்க” என்றேன்.

“எழுதிக் குடுத்தா போகாதில்ல. அப்புறம் என்ன? சின்னப் பையன் அவன். அன்னிக்குக் கிழவனுங்க முன்னால பயந்துட்டான், அதான் நாக்குல வெச்சுக் காட்டினான். தொட்டி மேல நிக்கும்போது அவன் முழங்கால் நடுங்கிச்சு. நான் பக்கத்துல நின்னேன், எனக்குத் தெரியும்.”

உனக்கு நாற்பத்திரண்டு வயது. அவர் கணக்கில் நீ இன்னும் அந்தத் தொட்டி மேல்தான் நிற்கிறாய், கீழே அவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இவ்வளவு பெரிய மனுஷனுக்கு இப்படி ஒரு தம்பி என்று எனக்கு அப்போது தோன்றியதை எழுதாமல் விடுகிறேன்.

சிறுநீரகம் தளர ஆரம்பித்துவிட்டது. தலைநகரிலிருந்து மருந்துப் பெட்டி வருகிற விமானம் வியாழக்கிழமை ஒன்றுதான். அதை விட்டால் அடுத்த வியாழன். அதுவரை தாங்குமா என்று ஷினாரிடம் கேட்டேன். அவள் பொய் சொல்லத் தெரியாத பெண். வேறு பக்கம் பார்த்தாள்.

ஆகவே இரண்டு தாள் அனுப்புகிறேன். இரண்டும் ஒரே விண்ணப்பம், ஏழாம் கட்டம் மட்டும் வேறு. ஒன்றில் உன் அண்ணன் சொன்னபடி மேய்ப்பர்களின் பண்டைய வழக்கம் என்று எழுதியிருக்கிறேன். மற்றதில் நடந்ததை எழுதி, உன் முழுப் பேரை எழுதியிருக்கிறேன். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள். இரண்டிலும் கீழே என் கையெழுத்து இருக்கிறது. பொய்யில் கையெழுத்துப் போட்டதற்கு எனக்கு வெட்கம் இல்லை, அவர் உயிர் எனக்கு வேண்டும்.

எதில் போட்டாலும் பெட்டகம் திறக்கும், எதில் போட்டாலும் அவர் பிழைக்க வழி இருக்கிறது. பண்டைய வழக்கத்தில் போட்டாயானால் நன்றி சொல்வேன். சாகும்வரை உன்னைச் சின்னத்துரை என்றே கூப்பிடுவேன், விருந்துக்கு வந்தால் ஆட்டுத் தலையை உன் முன்னால்தான் வைப்பேன். ஒரு குறையும் இருக்காது. மற்றதில் போட்டாயானால், மேய்ப்பர்கள் எல்லாரும் அந்த டப்பாவைக் கீழே வைப்பார்கள். டாக்டர் சொன்னால்தான் வைப்பார்கள், என் பேச்சை யார் கேட்கிறார்கள்? அதற்கப்புறம் நீ வீட்டுக்கு வா. வாசலில் நின்று, ஊர் கேட்க, உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

உனக்கும் உன் மனைவிக்கும் நீண்ட ஆயுளைக் கடவுள் கொடுக்கட்டும். பிள்ளைகளுக்குக் காது மூடித் தொப்பி போடச் சொல்லு. இது உன் அண்ணன் சொல்லச் சொன்னது.

இப்படிக்கு,
உன் அண்ணி
மைசரா

ஷினார் படம் பிடிக்கத் தாளைக் கேட்டாள். நான்தான் கொஞ்சம் பொறு என்றேன். இப்போது உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. குட்டி எங்கே, டப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டு நாக்கை நீட்டுகிறார். தொண்ணூறு வயதுக் கிழவர் மாதிரி இருக்கிறார். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. எந்தத் தாளிலாவது போடு. எர்முகான், போட்டுவிடு.